காதுகுத்தில் வந்த கூலி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் செயற்பொறியாளர் அம்மா. அவருக்குப் பக்கவாட்டில், நாங்கள் பேசுவதை எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். எங்கள் காண்ட்ராக்டர். வயரிங் வேலை பார்த்த எலக்ட்ரீசியன். டைல்ஸ் ஒட்டியவர். சென்ட்ரிங் போட்ட நான். உள்ளே ஆறு பேர். ஏழாவது ஆள் அறைக்குள் வரவில்லை; கதவை ஒட்டி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா. அறையில் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது என்பதால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஆகவே அவரையும் இருந்தவர்களில் சேர்த்தாக வேண்டும்.

அவரை நான் வரச் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் போன் பண்ணி, நாளைக்குக் காசு தருகிறார்களாமே என்று கேட்டார். அது விசாரணைதான், காசு ஒன்றும் கைக்கு வராது, அலைய வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சரி தம்பி என்றார். காலையில் நான் போய்ச் சேரும்போது மேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் அங்கே இருந்தார்.

சென்ட்ரிங் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் கூரை போடுவதற்கு முன்னால், அடியில் கம்பும் ஜாக்கியும் நட்டு, மேலே இரும்புச் சீட்டுகளைப் பரப்பித் தருவது எங்கள் வேலை. கான்கிரீட் இறுகியதும் நாங்களே பிரித்து எடுத்துவிடுவோம். கட்டடம் முடிந்த பிறகு எங்கள் வேலை நடந்ததற்கான அடையாளம் ஒன்றும் கண்ணில் படாது. டைல்ஸ்காரர் கையைக் காட்டி, அந்தா நான் ஒட்டியது என்று சொல்லலாம். எலக்ட்ரீசியன் சுவிட்சைப் போட்டுக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். ஆதார் ஜெராக்ஸை மூன்று தரம் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவன். அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் கொடு என்பார்களோ, வாசித்துக் காட்டு என்பார்களோ, ஜிஎஸ்டி எங்கே என்பார்களோ என்று ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் பண்ணி, அந்தப் பதிலுக்கு அவர்கள் திருப்பி என்ன கேட்பார்கள் என்றும் நினைத்து வைத்திருந்தேன். நான் நினைக்காத ஒன்றைத்தான் கேட்டார்கள்.

விவகாரம் இதுதான். மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறைகள் கட்டினோம். வேலையை எடுத்தவர் எங்கள் காண்ட்ராக்டர். துறையில் பதிவு பெற்றவர். டெண்டர் அவர் பேரில். நாங்கள் மூன்று பேரும் அவருக்குக் கீழே, வாய்ப்பேச்சில் வேலை எடுத்தவர்கள். ரேட்டும் வாயால் பேசியதுதான். இந்தத் தொழிலில் காண்ட்ராக்டர் அண்ணனிடம் பேப்பரில் எழுதிக் கேட்டால், அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார். அதற்குப் பேர் நம்பிக்கை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். எப்போதும் இழுப்பார், ஆனால் தந்துவிடுவார்.

இந்தத் தரம் தரவில்லை. பில் இன்னும் வரவில்லை, வந்ததும் தருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீசியன் சந்தேகப்பட்டு, நேரே அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். பில் தை மாதமே பாஸாகிப் பணமும் போயாகிவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை அண்ணன் இன்னொரு வேலைக்கு முன்பணமாகக் கட்டிவிட்டார். ஒரு குழியில் மண்ணெடுத்து இன்னொரு குழியை மூடுகிற கதை. மூவரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மனு அங்கிருந்து துறைக்கு வந்து, துறை எங்களை வரச் சொல்லியிருந்தது.

அந்த அம்மா முதலில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். மேசைக்கு முன்னால் நாலு நாற்காலி இருந்தது. காண்ட்ராக்டர் அண்ணன் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது? அவர் மீது புகார் கொடுக்க வந்த மூன்று பேரும் அவருக்குப் பின்னால் வரிசையாக, அவர் சைட்டுக்கு வரும்போது நிற்பது போலவே நின்றோம். நாலு நாற்காலியும் காலியாகவே கிடந்தன. எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. உட்காராவிட்டால் விசாரணையைத் தொடங்க மாட்டேன் என்றார். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு நாங்களும் நுனியிலேயே உட்கார்ந்தோம்.

பில் பணம் எப்போது வந்தது என்று கேட்டார். அண்ணன் தேதியைச் சொன்னார். இவர்களிடம் ஏன் வரவில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். சைட்டில் எங்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனுஷன், டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளை போல இருந்தார். நான் இதற்காகத்தான் மனுவில் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் அதைப் பார்க்க எனக்குக் கூசியது. அவர் சட்டை காலர் உள்பக்கம் மடங்கி இருந்தது. எட்டி எடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

பிறகு அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாக்கி என்று மனுவைப் பார்த்து வாசித்தார். எலக்ட்ரீசியனுக்குத் தொண்ணூறாயிரம். அண்ணன் ஒத்துக்கொண்டார். டைல்ஸ்காரருக்கு எழுபதாயிரம். ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று வாசித்ததும் அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வலிக்கிற இடத்தை டாக்டரிடம் காட்டத் தயங்குகிறவர் போலப் பார்த்தார்.

“தம்பி, காதுகுத்து…” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் காதுகுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சித்திரை முடிந்ததும் என் பிள்ளைகள் இரண்டுக்கும் கீழக்குயில்குடியில் கோயில் வாசலில் பந்தல் போட்டுக் காது குத்தினோம். கிடா வெட்டு, கறிச்சோறு. நாள் குறித்து, பத்திரிகை அடித்து, கொடுக்கவும் தொடங்கிவிட்டேன். கையில் காசில்லை. அண்ணனிடம் போய், பாக்கியில் ஐம்பதாயிரமாவது கொடுங்கள் என்று நின்றேன். அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். இப்போது சும்மா கையில் கொடுத்தால் அது கடனோடு கடனாகப் போய்விடும். விசேஷத்தன்றைக்கு நானே வந்து மொய்யாக எழுதுகிறேன். உனக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். கணக்கில் பிற்பாடு கழித்துக்கொள்வோம்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கூலியை எனக்கே மொய்யாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், எனக்கு அவமானமாகப் படவில்லை. நல்ல யோசனை என்றே பட்டது. சரிண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, காரில். மொய் எழுதும் மேசையில் கட்டாக வைத்தார். மைக்கில் அவர் பேரைச் சொல்லி, காண்ட்ராக்டர், ஐம்பதாயிரத்து ஒன்று என்று இரண்டு தரம் வாசித்தார்கள். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாய்மாமன் என்ற முறையில் பெரிய சீரோடு வந்திருந்த என் மச்சினனின் முகம் சுருங்கிப்போனது. அதைக்கூட நான் ரசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் ஆட்கள் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். அந்த அக்கா கை கழுவிவிட்டு வரும்போது, “ஒங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனுசன்லாம் செய்யிறாக தம்பி” என்று நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் சிரித்தேன். அந்தப் பணம் பந்தல்காரருக்கும் கிடாவுக்கும் மளிகைக்கும் மறுநாளே போய்விட்டது.

மனு எழுதிய அன்று, கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் நான் பாக்கித் தொகையைச் சொல்லத் தயங்கினேன். பக்கத்தில் எலக்ட்ரீசியன் நின்றார். அவரும் காதுகுத்துக்கு வந்து மைக்கில் கேட்டவர். அவர் முன்னால் அது மொய்யில்லை, கூலி என்று எப்படிச் சொல்வது? ஊரே கேட்ட கௌரவத்தை நானே உடைப்பதா? ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

விசாரணைக்குத் திரும்புகிறேன். அண்ணன் காதுகுத்து என்றதுமே எலக்ட்ரீசியன் குறுக்கே பாய்ந்தார். அது மொய் மேடம், ஊரறிய மைக்கில் வாசித்தது, மொய்யைக் கூலியில் கழிப்பதை எந்த ஊரிலும் கேட்டதில்லை, இவர் இப்படித்தான் எல்லாவற்றையும் மாற்றுவார் என்று அடுக்கினார். என் பக்கம் திரும்பி, “சொல்லு மாப்ள, ஒனக்கு வாயில்லையா?” என்றார்.

அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு அண்ணனைக் கேட்டார். அண்ணன் மெதுவாக, முன்னாடியே பேசித்தான் செய்தோம் என்றார். யாராவது சாட்சி உண்டா என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்றார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“அந்தத் தம்பி மொய்னு சொன்னா மொய்தான் மேடம். எழுதிக்கங்க.”

எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார். மொய்யா, கூலியா, நீங்கள் சொல்லுங்கள் என்றார். பிறகு, சொல்வதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

திறந்த கதவு வழியே அக்காவின் செருப்பும் சேலை முந்தானையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. மொய் என்று சொன்னால் அண்ணன் மேல் இன்னும் ஐம்பதாயிரம் ஏறும். எனக்கு அது லாபம். கூலி என்று சொன்னால் மனுவில் பொய் எழுதியவன் ஆவேன். அதைவிட, கூலி வாங்கிக்கொண்டு ஆட்களுக்குப் பத்துப் பைசா வரவில்லை என்று சொன்னவன் ஆவேன். பயம்தான் என்னைப் பேச வைத்தது. பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போலீஸ் வருமோ என்ற பயம். உண்மைக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

“கூலிதான் மேடம்” என்றேன்.

எழுத்தருக்குக் கேட்கவில்லை போல. சத்தமாகச் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன்.

எலக்ட்ரீசியன் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டார். டைல்ஸ்காரர் பேசவே பேசாதவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த அம்மா கணக்குப் போட்டார். கூலி என்றால் ஐம்பதாயிரம்தானே இருக்க வேண்டும், கூட ஒரு ரூபாய் எதற்கு என்று கேட்டார்.

“அந்த ஒத்த ரூவாதான் மேடம் மொய்” என்றார் எலக்ட்ரீசியன்.

எழுத்தர் சிரித்துவிட்டார். இந்தத் தடவை அந்த அம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு பேப்பரைப் பார்த்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வெளியிலிருந்தும் சத்தமில்லை.

தீர்ப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது. அண்ணன் ஒரு வருஷத்துக்கு எந்த டெண்டரிலும் கலந்துகொள்ளக் கூடாது. துறையிடம் இருக்கும் அவருடைய வைப்புத்தொகை, நாங்கள் மூவரும் பாக்கியில்லை என்று நேரில் வந்து சொல்லும்வரை திரும்பாது. ஒரு மாதத்துக்குள் எங்கள் பாக்கியில் பாதியையாவது தர வேண்டும். தராவிட்டால் பதிவே ரத்தாகும். அந்த அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையெழுத்துப் போட்டார். எனக்கு நேராக வந்தபோது நான் ஒதுங்கி வழிவிட்டேன். “வாரேன் தம்பி” என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எலக்ட்ரீசியன் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். முன்னாலேயே சொல்லியிருந்தால் மனுவைச் சரியாக எழுதியிருக்கலாமே, எங்களையும் பொய்யர்களாக்கிவிட்டாயே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிறகு டைல்ஸ்காரரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காலையில் நானும் அந்த வண்டியில்தான் வந்திருந்தேன்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், டீ குடிக்கிறீங்களா அக்கா என்று கேட்டேன். அவர் என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“அன்னைக்கு நாங்க தின்ன கறி எங்க கூலியா மேஸ்திரி?” என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஐம்பதாயிரத்தில் எங்கள் ஆட்களுக்குப் போயிருக்க வேண்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் பாதிப் பணம் வந்துவிடும், வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ் என்று எழுத்தரைப் போய்க் கேட்டார். எனக்கு அந்த பஸ் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னால் ஐம்பத்தைந்தாயிரம் வந்தது. அண்ணன் வீட்டு நகையை வைத்துப் புரட்டினார் என்று கேள்விப்பட்டேன். முதலில் அக்காவுக்கு என்று சொன்னேன் அல்லவா, அதுவும் நடக்கவில்லை. பணம் வந்த செய்தி எப்படியோ தெரிந்து, சீட்டும் ஜாக்கியும் வாடகைக்குத் தந்த கடைக்காரர் காலையிலேயே மினி லாரியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். பாக்கியைத் தராவிட்டால் என்னிடம் இருக்கும் சாமானையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றார். சாமான் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்ற பதற்றம் வேறு. இருபத்தெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். வாசலில் வந்து சத்தம் போடத் தெரிந்தவருக்கு முதலில் பணம் போகிறது. அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போடுகிற ஆள் இல்லை. அண்ணன் எனக்குச் செய்ததும் இதே கணக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அவர் வாசலில் போய்ச் சத்தம் போடாதவன்.

மிச்சத்தை ஆட்களுக்கு அவரவர் பாக்கியில் பாதியாகப் பிரித்தேன்.

இதற்கிடையில் அண்ணன் போன் பண்ணினார். அவர் மச்சினன் பேரில் ஒரு வேலை எடுத்திருப்பதாகவும், வண்டியூர்ப் பக்கம், இரண்டு மாடி, சென்ட்ரிங்குக்கு வருகிறாயா என்றும் கேட்டார். என் ஐம்பத்தைந்தாயிரம் அவரிடம் நிற்கிறது. போகாவிட்டால் அது என்ன ஆகுமோ என்ற பயத்தில், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், “வாரேண்ணே” என்றேன். இந்த முறையாவது ரேட்டைப் பேப்பரில் எழுதச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் முன்னால் போய் நின்றதும் வாய் வரவில்லை. எலக்ட்ரீசியன் அந்த வேலைக்கு வரவில்லை. வழியில் பார்த்தபோது, “என்ன மாப்ள, அடுத்த காதுகுத்து எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

என் ஆட்கள் எல்லாரும் அந்த வேலைக்கு வந்தார்கள், அக்காவைத் தவிர. அவருக்குப் போன் பண்ணினால் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பங்கை எடுத்துக்கொண்டு நானே மேலூருக்குப் போனேன். ஊருக்குள் போய் வீட்டைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவர் வந்தார். அவருக்கு என்னிடம் பாக்கி பதிமூவாயிரத்து இருநூறு. பாதியை, ஆறாயிரத்து அறுநூறைக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தார். இதற்கு முன்னால் என்னிடம் கூலி வாங்கி அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொள்வார்.

எண்ணி முடித்துவிட்டு, மீதி எப்போது என்று கேட்டார். அண்ணன் தந்ததும் என்றேன். நான் அவரிடமே மறுபடியும் வேலைக்குப் போவது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் நல்லாயிருக்கிறார்களா என்று கேட்டார். காது புண் ஆறிவிட்டதா என்றும் கேட்டார். ஆறிவிட்டது அக்கா என்றேன்.

போகத் திரும்பியவர் நின்றார்.

“காதுகுத்துக்கு நான் முந்நூறு எழுதுனேன். அதையும் கணக்குல சேத்துருங்க மேஸ்திரி.”

எங்கள் பக்கத்தில் மொய்யைக் கேட்டு வாங்குகிற வழக்கம் கிடையாது. அவர் வீட்டில் ஒரு விசேஷம் வரும், நான் போவேன், முந்நூறோடு கூட வைத்து எழுதுவேன்; அப்படித்தான் அது திரும்ப வேண்டும். வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அந்த வீட்டு விசேஷத்துக்கு இனி என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று அர்த்தம். சட்டைப்பையில் முந்நூறு ரூபாய் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டினால் அது அத்தோடு முடிந்துவிடுமே என்று கை வரவில்லை. சேர்த்துக்கொள்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

இதை எழுதுகிற இன்றைக்கும் அண்ணன் மீதியைத் தரவில்லை. நான் அக்காவுக்குத் தர வேண்டியது, கூலியில் ஆறாயிரத்து அறுநூறும் மொய் முந்நூறும் சேர்த்து, ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.